தரமணியில் ஒரு கேசடியா: பலகையில் இருந்த மூன்று வாக்குறுதிகள்

போன மாதம் ஒரு வியாழக்கிழமை மதியம். ஆபீஸ் இருக்கும் கட்டடத்தின் ஃபுட் கோர்ட்டில் புதிதாக ஒரு கடை முளைத்திருந்தது. கடையின் பெயர் வேண்டாம். இது அந்த ஒரு கடையைப் பற்றிய புகார் இல்லை. பச்சை, வெள்ளை, சிவப்பில் பெரிய பலகை. ஆங்கிலத்தில் எழுதியிருந்ததைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: 'அசல் மெக்ஸிகோ தெருக் கேசடியா. நீங்கள் கேட்ட பிறகே புதிதாகச் செய்யப்படும்.' விலை 249 ரூபாய், வரி தனி.

என்னோடு வந்த நண்பர் இரண்டு வருஷம் மெக்ஸிகோ சிட்டியில் கிளையன்ட் ஆபீஸில் உட்கார்ந்து வேலை பார்த்தவர். பலகையைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. பனீர் ஒன்று, சிக்கன் ஒன்று சொன்னோம். நான்கே நிமிஷத்தில் டோக்கன் நம்பர் வந்தது. முதல் வாய்க்கு நண்பர் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாவது வாய்க்குப் பிறகு, "இதுல ஏன் பாஸ் இவ்ளோ சீஸ்?" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. "கேசடியான்னாலே சீஸ்தானே? ஸ்பானிஷ்ல 'கேசோ'ன்னா சீஸ். பேர்லயே இருக்கே."

"பேர்ல இருக்கு. ஆனா அங்க நான் வாங்கிச் சாப்பிட்டதுல சீஸ் இருக்காது. வேணும்னா கேட்டு வாங்கணும். அப்பவும் அது கேசடியாதான்."

பேரில் சீஸ், பண்டத்தில் சீஸ் இல்லை. இந்த மாதிரி ஒரு வாக்கியம் காதில் விழுந்தால் எனக்கு அன்றைக்குத் தூக்கம் போச்சு. அப்புறம் மூன்று வாரம் ராத்திரிகளில் படித்தது, வீட்டுச் சமையலறையைப் பாழாக்கியது, ஒரு சனிக்கிழமை ரயில் ஏறிப் போனது எல்லாம் சேர்ந்துதான் இந்தக் குறிப்பு. பலகையில் மூன்று வாக்குறுதிகள் இருந்தன: அசல், மெக்ஸிகோ தெரு, கேட்ட பிறகு புதிதாகச் செய்வது. மூன்றையும் தனித்தனியாகச் சோதித்துப் பார்ப்போம்.

அசல்: சீஸ் வேண்டுமா, வேண்டாமா?

நண்பர் சொன்னது சரிதான். மெக்ஸிகோ சிட்டியில் தெருவோரம் உட்கார்ந்து சுட்டுத் தரும் கேசடியாவுக்குள் காளான் இருக்கும், பூசணிப் பூ இருக்கும், உருளைக்கிழங்கு இருக்கும், மிளகாய்க் குழம்பில் ஊறிய கோழிப் பிசிறு இருக்கும். வீட்லாகோச்சே என்று ஒன்று. சோளக்கதிரில் வருகிற கரிப்பூட்டை நோய்தான் அது. நம் விவசாயி பார்த்தால் பிடுங்கி எரிப்பார், அவர்கள் வதக்கிச் சாப்பிடுகிறார்கள். இத்தனைக்கும் சீஸ் இல்லாமலே கேசடியா என்றுதான் பேர். சுடுகிற அம்மா உங்களைப் பார்த்து "கோன் கேசோ, சின் கேசோ?" என்று கேட்பார். சீஸோடவா, இல்லாமலா? (இந்தக் கேள்வியை மட்டும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் தேவைப்படும்.)

தலைநகரத்துக்கு வெளியே இருக்கிற மெக்ஸிகோக்காரர்கள் இதை விடுவதாக இல்லை. 'சீஸ் இல்லாத கேசடியா என்ன கேசடியா?' என்று கேலி செய்வது அங்கே ஒரு தேசியப் பொழுதுபோக்கு. சாம்பாரில் வெல்லம் போடலாமா என்று நம் ஊரில் நடக்கிற சண்டை மாதிரி, முடிவே கிடையாது.

இந்தச் சண்டையில் தலைநகரத்துக்காரர்களுக்கு ஆதரவாக ஒரு 'சொல்லாராய்ச்சி' இணையத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறது. கேசடியா ஸ்பானிஷ் சொல்லே இல்லையாம். ஆதிக்குடிகளின் நாவாட்ல் மொழியில் 'மடித்த ரொட்டி' என்று பொருள் தரும் 'கேசாடிட்சின்' என்ற சொல்லிலிருந்து வந்ததாம். படித்ததும் எனக்கு ஊர் ஞாபகம் வந்துவிட்டது. உலகத்தில் எந்தச் சொல்லையும் பிரித்துத் தமிழ் என்று காட்டுகிற வாட்ஸ்அப் ஃபார்வர்டுகளுக்கு இது ஒன்றுவிட்ட தம்பி. அந்தக் கதை பொய். கேசடியா ஸ்பானிஷ்தான். ஸ்பெயினில் அதே பெயரில் சீஸ் வைத்த இனிப்புப் பண்டம் உண்டு. கேனரித் தீவுகளில் எல் ஹியர்ரோ என்ற குட்டித் தீவு இன்றைக்கும் அதற்குப் பேர் போனது.

ஆனால் பொய்க் கதைக்கு அடியில் ஒரு உண்மையான சங்கடம் இருக்கிறது. 1519-இல் கோர்ட்டேஸ் வந்து இறங்கும்வரை மெக்ஸிகோவில் மாடு, ஆடு எதுவும் கிடையாது. அதனால் பால் கிடையாது, சீஸ் கிடையாது. அந்த மண்ணில் ஆயிரக்கணக்கான வருஷமாக இருந்தது மக்காச்சோளமும் அதை அரைத்துத் தட்டிச் சுடுகிற ரொட்டியும்தான். ஆக, கேசடியாவில் பேர் வந்தேறியுடையது, உடம்பு உள்ளூர்க்காரருடையது. தலைநகரத்துக்காரர்கள் வந்தேறியை விட்டுவிட்டு உடம்பை வைத்துக்கொண்டார்கள்.

இப்படிப் பார்த்தால் நம் ஃபுட் கோர்ட் கடையைச் சீஸ் விஷயத்தில் குற்றம் சொல்ல முடியாது. நிறைய சீஸ் போட்டால் பெயருக்கு விசுவாசம். போடாமல் விட்டால் மெக்ஸிகோ சிட்டிக்கு விசுவாசம். பனீர் போட்டதைக்கூட நான் விட்டுக்கொடுக்கத் தயார்.

மெக்ஸிகோ தெரு: சோளமா, மைதாவா?

சீஸை விட்டால் அடுத்தது ரொட்டி. இங்கேதான் கடையை மடக்கிவிட்டேன் என்று நினைத்தேன். நாங்கள் சாப்பிட்டது மைதா ரொட்டி. மெக்ஸிகோ என்றால் சோளம் இல்லையா?

அந்தச் சோள ரொட்டிக்குப் பின்னால் ஒரு தொழில்நுட்பம் இருக்கிறது. காய்ந்த மக்காச்சோளத்தை அப்படியே அரைத்து மாவாக்கித் தண்ணீர் விட்டுப் பிசைந்தால் ஒட்டாது, தட்டினால் உடையும். அவர்கள் சோளத்தைச் சுண்ணாம்பு கலந்த தண்ணீரில் வேகவைத்து, ராத்திரி முழுக்க அதே தண்ணீரில் ஊறவிட்டு, காலையில் தோலைக் கசக்கிக் கழுவி, ஈரத்தோடு அரைக்கிறார்கள். வெந்து ஊறிய சோளத்துக்கு நிஷ்டமால் என்று பெயர். அரைத்த மாவு மாசா. சுண்ணாம்பு தோலை இளக்குகிறது, மாவுக்குப் பிசுபிசுப்பைத் தருகிறது, கால்சியம் சேர்க்கிறது. எல்லாவற்றையும்விட முக்கியம், சோளத்தில் பூட்டிக் கிடக்கிற நியாசின் என்ற வைட்டமினை உடம்பு எடுத்துக்கொள்ளும்படி விடுவிக்கிறது.

ஐரோப்பாக்காரர்கள் சோளத்தை மட்டும் கப்பலில் ஏற்றிக்கொண்டு போனார்கள், சுண்ணாம்பை விட்டுவிட்டார்கள். விளைவு, சோளத்தையே நம்பி வாழ்ந்த ஏழைகளுக்குத் தோல் கருகி, புத்தி பேதலிக்கும் பெல்லாக்ரா நோய் வந்தது. நம் பக்கத்திலும் இதன் நிழல் உண்டு. தக்காணத்தில் வெள்ளைச் சோளம் சாப்பிடும் ஏழைகளிடம் இதே நோய் வருவதை ஹைதராபாத்தில் இருந்து ஆராய்ந்தவர் சேலத்தில் பிறந்த டாக்டர் சி. கோபாலன்; 1960-இல் லான்செட் இதழில் எழுதினார். பண்டத்தை எடுத்துக்கொண்டு செய்முறையை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடக் கசப்பான உதாரணம் எனக்குத் தெரியாது.

2010-இல் யுனெஸ்கோ மெக்ஸிகோவின் பாரம்பரியச் சமையலை மனிதகுலத்தின் மரபுப் பட்டியலில் சேர்த்தபோது, இந்தச் சுண்ணாம்பு முறையும் அதன் முக்கியமான பகுதியாகச் சொல்லப்பட்டது. இவ்வளவும் படித்தபின் நான் தீர்ப்பு எழுதிவிட்டேன்: மைதா, ஆகவே போலி. கேஸ் முடிந்தது.

நண்பருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். "அவசரப்படாதீங்க பாஸ், வடக்குப் பக்கம் போய்ப் பாருங்க" என்று ஒரே வரி பதில்.

போய்ப் பார்த்தேன், கூகுளில்தான். மெக்ஸிகோவின் வட மாநிலங்களில், முக்கியமாக அமெரிக்க எல்லையை ஒட்டிய சொனோராவில், கோதுமை ரொட்டிதான் தினச் சாப்பாடு. ஸ்பானியர்கள் கொண்டுவந்த கோதுமை அந்த வறண்ட மண்ணில் நன்றாகப் பிடித்துக்கொண்டது. முழங்கையைத் தாண்டி நீளும் மெல்லிய ரொட்டி போடுவார்கள். நம்ம ஊர் வீச்சு பரோட்டா மாஸ்டர் பார்த்தால் மரியாதை கொடுப்பார். அங்கே கேசடியா என்றால் கோதுமை ரொட்டிக்குள் சீஸ். அதுவும் மெக்ஸிகோதான், அதுவும் தெருதான். என் தீர்ப்பு அப்பீலில் தோற்றது.

சொனோரா என்ற பெயரை நான் இதற்கு முன் எங்கேயோ பார்த்திருக்கிறேனே என்று உறுத்திக்கொண்டே இருந்தது. ஆபீஸிலிருந்து சில நிமிஷத் தூரத்தில், தரமணி நிறுவனப் பகுதியில், எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. 1988-இல் அவர் தொடங்கியது. பசுமைப் புரட்சி பற்றிப் பள்ளிக்கூடத்தில் நெட்டுருப் போட்டவர்களுக்கு ஞாபகம் வரலாம்: லெர்மா ரோஹோ 64, சொனோரா 64. நார்மன் போர்லாக் மெக்ஸிகோவில் உருவாக்கிய குட்டைக் கோதுமை ரகங்கள். 1966-இல் இந்தியா மெக்ஸிகோவிலிருந்து 18,000 டன் விதைக் கோதுமை இறக்குமதி செய்தது. சுவாமிநாதன் அப்போது டெல்லியில் இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் கழகத்தில் இருந்தார். அந்த ரகங்களை இங்கே கொண்டுவர வேண்டும் என்று விடாமல் வற்புறுத்தியவர்களில் அவர் முக்கியமானவர்.

வந்த கோதுமையின் மணி சிவப்பு. சப்பாத்தி நிறம் மாறுவதை நம் மக்கள் ஏற்கவில்லை. அதனால் பொன்னிற மணி தரும் ரகங்களைத் தேர்ந்தெடுத்தார்கள்: கல்யாண் சோனா, சோனாலிகா. சொனோரா 64-ஐக் கதிர்வீச்சுக்கு உட்படுத்தி 'ஷர்பத்தி சொனோரா' என்றே ஒரு ரகம் வந்தது. சரி, அந்த மெக்ஸிகோ ரகங்களாவது அசல் மெக்ஸிகோவா என்றால், அவற்றைக் குட்டையாக்கிய மரபணு நோரின் 10 என்ற ஜப்பானியக் கோதுமையிலிருந்து வந்தது. இன்றைக்கு இந்தியாவில் விளைகிற கோதுமையின் வம்சாவளியைத் தோண்டினால் பெரும்பாலும் இந்த மெக்ஸிகோ ரகங்களில் போய் முட்டும். ஆக, தரமணி ஃபுட் கோர்ட்டில் நான் 'போலி' என்று முத்திரை குத்திய அந்த மைதாவுக்குத் தாத்தா வீடு சொனோரா பக்கம்தான். சோளத்துக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. பெரம்பலூரில் ஏக்கர் ஏக்கராக விளைகிறது, பெரும்பாலும் கோழித் தீவனத்துக்குப் போகிறது.

பொருளை வைத்து அசல், போலி பிரிக்கலாம் என்று கிளம்பிய எனக்கு இதுவரை கிடைத்தது இரண்டு தோல்விகள். தலைநகரம் சீஸை விட்டது, சோளத்தை வைத்துக்கொண்டது. வடக்கு சோளத்தை விட்டது, சீஸை வைத்துக்கொண்டது. இரண்டும் கேசடியா. எங்கள் தொழிலில் இப்படி வந்தால் இரண்டு பட்டியலுக்கும் பொதுவாக எது மிஞ்சுகிறது என்று பார்ப்போம். பொதுவாக மிஞ்சியது: சூடான கல், ஒரு மடிப்பு, சாப்பிடுகிற ஆள் எதிரில் நிற்பது.

நடுவில் ஒரு சமையலறைச் சோதனை

படிப்பதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

வேளச்சேரியில் ஒரு தானியக் கடையில் காய்ந்த மக்காச்சோளம் கேட்டேன். "எத்தனை புறா சார்?" என்றார் கடைக்காரர். புறா இல்லை, எனக்குத்தான் என்றதும் ஒரு மாதிரி பார்த்துவிட்டு, உள்ளே போய் வேறு மூட்டையிலிருந்து நல்லதாக அரைக் கிலோ அளந்து கொடுத்தார். சுண்ணாம்பு, பக்கத்தில் வெற்றிலை பாக்குக் கடையில் வாங்கியது. ஒன்றரை லிட்டர் தண்ணீர், ஒரு டீஸ்பூன் சுண்ணாம்பு. சோளத்தைப் போட்டதும் வெளிறிக் கிடந்த மணிகள் கண்ணெதிரே பளிச்சென்று மஞ்சளாக மாறின. நாற்பது நிமிஷம் கொதி, அடுப்பை அணைத்து ராத்திரி முழுக்க ஊறல். காலையில் கசக்கினால் தோல் வழுக்கிக்கொண்டு வந்தது. மூன்று முறை கழுவல்.

அரைப்பதில்தான் சிக்கல். கோயம்புத்தூர் கிரைண்டர் தண்ணீர் விடாமல் சுற்ற மறுத்தது. விட்டால் மாவு இட்லிப் பதத்துக்குப் போகிறது. கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்து, நிறுத்தி நிறுத்தி வழித்துவிட்டு, கடைசியில் துணியில் பரப்பி ஈரத்தை இழுக்கவிட்டேன். தட்டுவதற்கு ஆயில் கவரை வெட்டிக் கொடுத்தது மனைவி. "தட்டை தட்டற மாதிரிதானே? இதுக்கு எதுக்கு மூணு வாரம் யூடியூப்?" என்பது அவருடைய விமர்சனம்.

முதல் இரண்டு மடிக்கும்போது விண்டுபோயின. மூன்றாவது வந்தது. தோசைக்கல்லில் போட்டு, உள்ளே உருளைக்கிழங்கு மசால் வைத்து, மடித்து, இரண்டு பக்கமும் கரும்புள்ளி விழும்வரை சுட்டேன். நேராகக் கல்லிலிருந்து கைக்கு. சீஸ் இல்லை. அந்த மணத்தை எப்படிச் சொல்வது? மழை விட்ட மண்ணும் சுட்ட சோளக்கதிரும் கலந்த மாதிரி. மனைவி ஒன்றும் பேசாமல் இரண்டாவதுக்குத் தட்டை நீட்டினார். அதைவிடப் பெரிய பாராட்டு எங்கள் வீட்டில் கிடையாது.

மகளுக்கு ஆன்லைன் கிளாஸ். அவளுக்கு ஒன்று எடுத்து மூடி வைத்தேன். இருபது நிமிஷம் கழித்து வந்து கடித்துப் பார்த்தாள். "அப்பா, இது செருப்பு மாதிரி இருக்கு."

அதே சோளம், அதே சுண்ணாம்பு, அதே கை. நடுவில் போனது இருபது நிமிஷம்தான். சூட்டில் இளகியிருந்த மாவுச்சத்து ஆற ஆற இறுகிவிடுகிறது. மறுபடி கல்லில் போட்டால் கொஞ்சம் இளகும், ஆனால் முதல் சூடு திரும்பாது. கோதுமையில் பசைச்சத்து இருக்கிறது, கூடக் கொழுப்பும் சேர்க்கிறார்கள். அதனால் ஆறினாலும் வளைந்து கொடுக்கும். ஃபாக்டரியில் செய்து பாக்கெட்டில் அடைத்து மாதக்கணக்கில் வைக்க மைதா டோர்ட்டியா தோதுப்படுவது இதனால்தான். உலகம் பூராவும் செயின் கடைகளில் கேசடியா மைதாவில் இருப்பதற்குச் சொனோராவின் புகழ் காரணமில்லை. காத்திருக்கத் தெரிந்த ரொட்டி ஊர் ஊராகப் போனது. காத்திருக்கத் தெரியாதது தெருவிலேயே நின்றுவிட்டது.

பலகையின் மூன்றாவது வாக்குறுதியை நான் வெறும் விளம்பர அலங்காரம் என்று நினைத்திருந்தேன். மகள் சொன்ன செருப்புக்குப் பிறகுதான் அது எவ்வளவு பெரிய வாக்குறுதி என்று உறைத்தது.

கேட்ட பிறகு புதிதாக: இங்கேதான் கடை தோற்றது

கூட்டம் இல்லாத ஒரு மதியம், மூன்றரை மணிக்கு, திரும்பப் போனேன். கவுன்டருக்குப் பின்னால் நன்றாகப் பார்க்க முடிந்தது. பாக்கெட் டோர்ட்டியாக்கள் அடுக்கடுக்காக. பிளாஸ்டிக் டப்பாக்களில் பனீர், சிக்கன், குடைமிளகாய். ஒரு மைக்ரோவேவ், ஒரு சாண்ட்விச் கிரில்லர். கல் இல்லை, மாவு இல்லை. நின்றிருந்த பையனிடம் கேட்டேன்.

"மாவு இங்க பிசையறது இல்ல சார். ரொட்டி பாக்கெட்ல வரும். மத்ததெல்லாம் காலையில சென்ட்ரல் கிச்சன்ல இருந்து வந்துடும்."

"அப்ப போர்டுல ஃப்ரெஷ்ஷா செய்யறதுன்னு போட்டிருக்கே தம்பி?"

கொஞ்சம் யோசித்து நேர்மையாகவே சொன்னான். "ஆர்டர் வந்த அப்புறம்தான் சார் அசெம்பிள் பண்றோம்."

அந்தப் பையன் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அவனிடம் கல்லும் மாவும் கொடுத்தால் செய்வான். வாடகை, அரை மணி நேர மதிய இடைவேளையில் வந்து மோதுகிற நூறு பேர், தீ மூட்டக்கூடாது என்கிற கட்டட விதி, இதெல்லாம் சேர்ந்துதான் இந்தக் கடையை இப்படி ஆக்குகிறது என்பது தெரியும். ஆனால் அசெம்பிள் செய்வதற்கும் செய்வதற்கும் வித்தியாசம் இருக்கிறது. எங்கள் பாஷையில், இது கேஷில் இருப்பதை எடுத்து நீட்டுவது. கேட்ட பிறகு கணக்குப் போடுவது இல்லை. தவறில்லை, நாங்களும் தினமும் அதைத்தான் செய்கிறோம். ஆனால் கேஷிலிருந்து எடுத்ததை 'இப்போதான் போட்ட கணக்கு' என்று யூசரிடம் சொன்னால் அது பொய்.

இதில் எனக்கு வருத்தம் தருவது வேறொன்று. பலகையில் இருந்த மூன்று வாக்குறுதிகளில் வாடிக்கையாளர் தன் கண்ணாலேயே சரிபார்க்கக்கூடியது மூன்றாவது மட்டும்தான். அதை யாரும் பார்க்காதபடி முதல் சொல் திசை திருப்பிவிடுகிறது. 'அசல்' என்று எழுதிவிட்டால் என்னைப் போன்றவர்கள் மூன்று வாரம் சீஸுக்கும் சோளத்துக்கும் பின்னால் ஓடுவோம். மைக்ரோவேவ் பக்கம் திரும்ப மாட்டோம். என் விமர்சனம் முதலில் என் மேல்தான்.

அதே ரயிலில் கடைசி ஸ்டேஷன்

சரி, வெளிநாட்டுத் தெருச் சாப்பாடு சென்னையில் ஒழுங்காக நடக்கவே முடியாதா? முடியும் என்பதற்கு ஐம்பது வருஷத்துக்கு மேற்பட்ட சாட்சி இருக்கிறது. தரமணி ஸ்டேஷனில் பறக்கும் ரயில் ஏறினால், மாறாமல், கடைசி ஸ்டேஷன் கடற்கரை. இறங்கிச் சாலையைத் தாண்டினால் செகண்ட் லைன் பீச் பக்கம் அத்தோ கடைகள். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் போனேன்.

1962-இல் ராணுவம் பர்மாவைப் பிடித்தது. 1964-இல் கடைகளையும் தொழில்களையும் அரசுடைமையாக்கியது. தலைமுறைகளாக அங்கே வாழ்ந்த தமிழர்கள் கையில் இருந்ததையெல்லாம் விட்டுவிட்டுக் கப்பலேறிச் சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கினார்கள். துறைமுகத்துக்கு எதிரிலேயே, 1969-இல், அவர்கள் பிழைப்புக்காகப் பர்மா பஜார் வந்தது. அவர்களோடு வந்ததுதான் அத்தோ. பர்மிய மொழியில் 'அத்தோக்' என்றால் கையால் பிசைந்து கலந்தது.

நான் போன கடையில் ஒருவர் பாத்திரத்தில் ஒரு கைப்பிடி நூடுல்ஸ் எடுத்துப் போட்டார். முட்டைக்கோஸ், வறுத்த வெங்காயம், புளித்தண்ணி, மிளகாய்த்தூள், பூண்டு எண்ணெய், நொறுக்கிய பேஜோ. "காரம் தூக்கலாவா சார், மீடியமா?" என்றார். மீடியம் என்றேன். கையாலேயே பிசைந்து, தட்டில் கொட்டி, பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் வாழைத்தண்டு சூப் ஊற்றிக் கொடுத்தார். எல்லாம் சேர்த்து ஒரு நிமிஷம்.

நான் ஃபுட் கோர்ட்டுக்கு வைத்த பொருள் பரீட்சையை இங்கே வைத்தால் அத்தோவும் தோற்கும். பர்மாவில் மொஹிங்கா என்கிற வாழைத்தண்டுக் குழம்புக்கு உயிரே மீன். இங்கே பல கடைகளில் மீன் வாடையே இல்லாத சூப். நூடுல்ஸின் ஆரஞ்சு நிறத்தை யாங்கோனில் தேடினால் கிடைக்குமா என்று சந்தேகம். ஆனால் எதிரில் நிற்கிற ஆளைப் பார்த்து, அவரைக் கேட்டு, கையால் கலந்து கொடுப்பது என்ற ஒன்றை மட்டும் கப்பலிலிருந்து இறங்கிய நாளிலிருந்து விடவில்லை. பேரிலேயே 'பிசைந்தது' என்று இருக்கிறது. பேருக்குத் துரோகம் செய்யவில்லை. அந்தக் கடைகளில் 'அசல் பர்மா' என்று கொட்டை எழுத்தில் நான் எங்கும் பார்க்கவில்லை.

ஒரு கேள்வி

ரயிலில் திரும்பும்போது நண்பரின் கேசடியா அம்மா ஞாபகம் வந்தார். கோன் கேசோ, சின் கேசோ? இவ்வளவு நாள் அதைச் சீஸ் பற்றிய சண்டையாகவே பார்த்திருந்தேன். உண்மையில் அது ஒரு கேள்வி. இன்னும் செய்து முடிக்காத பண்டத்தைப் பற்றித்தான் அப்படிக் கேட்க முடியும். ஏற்கெனவே செய்து வைத்துவிட்டவருக்கு உங்களிடம் கேட்க ஒன்றுமே இல்லை. அத்தோக்காரர் காரம் பற்றிக் கேட்டார். ஃபுட் கோர்ட்டில் என்னிடம் கேட்ட ஒரே கேள்வி, "யூபிஐயா, கார்டா?"

அதனால் கடைக்காரர்களுக்கு என் சிபாரிசு சின்னது. பலகையிலிருந்து 'அசல்' என்ற சொல்லை எடுத்துவிடுங்கள். அதை நிரூபிக்க மெக்ஸிகோக்காரர்களாலேயே முடியவில்லை. மைதாவிலேயே செய்யுங்கள், பனீரே வையுங்கள். ஆனால் ஒரு கல்லைப் போட்டு, மாவைத் தேய்த்து, என் கண் முன்னால் சுடுங்கள். நான்கு நிமிஷத்துக்குப் பதில் எட்டு நிமிஷம் ஆகட்டும். நிற்கிறேன். அது முடியாது என்றால் 'சூடாக்கித் தரப்படும்' என்று எழுதுங்கள். அப்போதும் வந்து சாப்பிடுவேன், சண்டை போட மாட்டேன்.

தரமணியில் இறங்கியபோது மணி எட்டரை. அத்தோ கரைந்துவிட்டிருந்தது. ஸ்டேஷனுக்கு வெளியே தள்ளுவண்டியில் தோசை போடும் அக்கா கல்லில் தண்ணீர் தெளித்து, துடைப்பத்தால் ஒரு இழு இழுத்துவிட்டு என்னைப் பார்த்தார். வண்டியில் பலகை எதுவும் இல்லை.

"முறுகலாவா சார், சாஃப்டாவா?"